அமெரிக்கா எல்லாவற்றையும் காட்டியதா, சோவியத் எல்லாவற்றையும் மறைத்ததா?

கல்லூரிப் பட்டிமன்றத்துக்குத் தயாராகிறேன் என்று சொல்லி இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்: "விண்வெளிப் போட்டியில் அமெரிக்கா ஒவ்வொன்றையும் உலகத்தின் கண்முன்னே நேரலையில் செய்தது, சோவியத் ஒன்றியம் ரகசியமாகச் செய்துவிட்டு வெற்றியை மட்டும் அறிவித்தது என்கிறார்களே, இது எவ்வளவு உண்மை?" ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் இதில் இரண்டு இருக்கின்றன. ஏவப்போகும் நாளை முன்கூட்டியே சொன்னவர் யார் என்பது ஒன்று. நடந்து முடிந்தபின் நடந்ததை நடந்தபடியே சொன்னவர் யார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அமெரிக்கா என்று தயங்காமல் விடை சொல்லிவிடலாம். இரண்டாவதை அவ்வளவு சுலபமாக முடித்துவிட இயலாது என்பதால்தான் பதில் நீள்கிறது.

நான் பொறியாளன் அல்லன். நாளேடு ஒன்றின் செய்திப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது மாணவர்களுக்கு இதழியல் வரலாறு கற்பிக்கிறேன். ருஷ்ய மொழி தெரியாது. அந்தப் பக்கத்து ஆவணங்களை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். எனவே ஏவூர்தி எப்படி வேலை செய்தது என்பதைவிட, செய்தி எப்படி வெளியே வந்தது என்பதைப் பற்றியே என்னால் உறுதியாகப் பேச முடியும்.

1961 ஏப்ரல் 12 அன்று மாஸ்கோ நேரப்படி காலை 9.07 மணிக்கு, விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரான யூரி ககாரின் புறப்பட்டார். சோவியத் வெற்றியை மட்டும்தான் அறிவித்தது என்ற வாதம் முதலில் இடறுவது இங்கேதான். ஏறக்குறைய 10 மணிக்கு வானொலியில் டாஸ் செய்தி நிறுவனத்தின் அறிவிப்பை யூரி லெவிதான் வாசித்தபோது ககாரின் இன்னும் சுற்றுப்பாதையில்தான் இருந்தார். கீழே இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும் எந்திரம் இன்னும் இயக்கப்படவில்லை, பத்திரமாகத் தரையிறங்குவாரா என்பது யாருக்கும் தெரியாது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, மார்ச் 30 அன்று, சோவியத் ஏவூர்திகளின் தலைமை வடிவமைப்பாளர் கொரோலியோவ் உள்ளிட்ட பொறுப்பாளர்கள் கட்சித் தலைமைக்கு எழுதிய குறிப்பு பின்னாளில் வெளியாகியிருக்கிறது. கலம் சுற்றுப்பாதையை அடைந்த உடனேயே அறிவித்துவிடுவது நல்லது என்று அதில் அவர்களே பரிந்துரைத்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு காரணங்களும் சொல்லியிருக்கிறார்கள்: வேறு நாட்டில் இறங்க நேர்ந்தால் மீட்பது எளிதாகும், வேவு பார்க்க அனுப்பியதாக எவரும் குற்றம் சாட்டவும் முடியாது. வெளிப்படைத்தன்மையின் மேல் கொண்ட பற்று அல்ல இது, வெறும் முன்னெச்சரிக்கை. ஆனாலும் முடிவு தெரிவதற்கு முன்பே அறிவித்தார்கள் என்பது மாறிவிடாது.

இதை ஒட்டி உறைகளின் கதை ஒன்று சொல்லப்படுவது உண்டு. டாஸ் நிறுவனத்திடம் மூடிய உறைகளில் மூன்று அறிவிப்புகள் முன்பே கொடுக்கப்பட்டிருந்தன என்றும், ஒன்று வெற்றிக்கு, ஒன்று அயல்நாட்டில் இறங்கினால் உதவி கேட்பதற்கு, ஒன்று மரணத்துக்கு என்றும் அக்காலத்தில் உடனிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் மாணவர்கள் "எவ்வளவு கொடூரம்" என்பார்கள். செய்தி அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு மேசை இழுப்பறை முழுக்க, உயிரோடு இருக்கும் பெரிய மனிதர்களின் இரங்கல் கட்டுரைகள் தேதி மட்டும் நிரப்பப்படாமல் தட்டச்சு செய்து அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, வாங்கிய விருதையும் பிறந்த பேரனையும் சேர்த்துவிட்டுத் திரும்ப வைப்போம். வாஷிங்டனும் இதையேதான் செய்தது. 1969 ஜூலை 18 தேதியிட்டு, ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவிலிருந்து திரும்ப முடியாமல் போனால் அதிபர் நிக்சன் வாசிப்பதற்கான உரையை அவருடைய உரை எழுத்தாளர் வில்லியம் சஃபையர் எழுதி வைத்திருந்தார். பட்டிமன்றத்தில் எதிரணி உறைகளை எடுத்தால் நீங்கள் இந்த உரையை எடுக்கலாம்.

ஆனால் ககாரின் தரையிறங்கியது பற்றிச் சொன்னது சுத்தமான பொய். அதில் சோவியத் தரப்புக்கு வக்காலத்து வாங்க என்னிடம் ஒன்றும் இல்லை. ககாரின் பறந்த வோஸ்தோக் கலத்தில் மனிதர் உள்ளே இருந்தபடியே இறங்குவது ஆபத்து. அதனால் சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, தனிப் பாராசூட்டில் சராத்தவ் பகுதியில் ஒரு வயல்வெளியில் அவர் இறங்கினார். கலம் வேறோர் இடத்தில் விழுந்தது. பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் அன்றைய விதிப்படி, விமானி தன் ஊர்தியிலேயே தரையிறங்கினால்தான் சாதனை பதிவாகும். ஆகவே பதிவுக்கு அனுப்பிய தாள்களில் அவர் கலத்திலேயே இறங்கியதாகக் காட்டினார்கள். ஏவிய இடத்துக்குக்கூட, உண்மையான த்யுரத்தாமிலிருந்து சுமார் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வேறொரு ஊரின் பெயரான பைகானூரைக் கொடுத்தார்கள். அந்தப் பெயரே பின்னர் நிலைத்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பறந்த கெர்மன் திதோவ், தாம் பாராசூட்டில் இறங்கியதை ஒப்புக்கொண்டார். கூட்டமைப்பும் பின்னர் தன் விதியையே மாற்றிக்கொண்டு, மனிதரைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்ததே சாதனை என்று ஏற்றது. ககாரின் விஷயத்தை மட்டும் சோவியத் தரப்பினர் பல ஆண்டுகள் விட்டுக்கொடுக்கவில்லை.

பறந்ததைக் காட்டாதவர்கள் வரவேற்பைக் காட்டினார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் சுவையான பகுதி. ஏப்ரல் 14 அன்று வ்நூக்கவா விமான நிலையத்தில் ககாரின் வந்திறங்கியதும், செங்கம்பளத்தில் நடந்து சோவியத் தலைவர் குருஷேவின் முன் நின்று அறிக்கை சொன்னதும் நேரலையில் ஒளிபரப்பாயின; மாஸ்கோவிலிருந்து பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு நேரலையாகப் போன முதல் காட்சி அதுதான். ஏவுதளத்தைக் காட்டாத ஓர் அரசு, கம்பளத்தைக் காட்டுவதற்காக ஐரோப்பா முழுவதும் இணைப்பு ஏற்படுத்தியது! ஒத்திகை பார்த்து நடத்தப்பட்ட அந்த நிகழ்ச்சியிலும் ஒன்று கைமீறிவிட்டது. கம்பளத்தில் விறைப்பாக நடந்து வரும் ககாரினின் காலருகே ஏதோ ஒன்று அவிழ்ந்து ஆடிக்கொண்டே வருவது படச்சுருளில் தெளிவாகத் தெரிகிறது. காலணிக் கயிறு என்று பெரும்பாலோரும், காலுறையைப் பிடிக்கும் பட்டி என்று சிலரும் சொல்கிறார்கள். எதுவாயினும், உலகமே பார்க்கும் காட்சியிலிருந்து அதை அவர்கள் வெட்டி எறியவில்லை. அதைப் பார்த்துத்தான் மக்களுக்கு அந்த மனிதரை இன்னும் பிடித்துப்போனது என்பது என் எண்ணம். இதற்குச் சான்று கேட்காதீர்கள்.

ரகசியத்தின் உண்மையான விலை வதந்தி. ககாரினுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பு, 1961 மார்ச் 23 அன்று, பயிற்சியில் இருந்த வலென்தீன் பொந்தரென்கோ என்ற இளம் வீரர், ஆக்சிஜன் மிகுந்த சோதனை அறையில் தீப்பற்றி இறந்தார். இது 1986 வரை சோவியத் நாளேடுகளில் வரவில்லை. ககாரின் பறந்த அதே நாளில், லண்டனிலிருந்து வெளிவந்த கம்யூனிஸ்ட் நாளேடு ஒன்று, புகழ்பெற்ற விமான வடிவமைப்பாளர் ஒருவரின் மகன் அதற்குச் சில நாள் முன்பே விண்வெளிக்குப் போய்த் திரும்பி நலமின்றிக் கிடப்பதாக எழுதியது. அது தவறு, ஆவணங்கள் எதுவும் அதை ஆதரிக்கவில்லை. இத்தாலியில் இரு சகோதரர்கள் இறக்கும் விண்வெளி வீரர்களின் குரலைப் பதிவு செய்ததாகச் சொன்னதையும் வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. 1967 ஏப்ரல் 24 அன்று சோயுஸ் 1 கலத்தின் பாராசூட் விரியாமல் விளதீமிர் கமரோவ் இறந்தது உண்மை. அவர் கடைசி நிமிடங்களில் அரசைச் சபித்து அழுதார் என்று இணையத்தில் சுற்றும் உரையாடலுக்கு நம்பத்தக்க மூலம் கிடையாது. இவற்றை மேடையில் சொல்லாதீர்கள். உண்மையில் இறந்த ஒருவரை இருபத்தைந்து ஆண்டுகள் மறைத்ததால்தான் இல்லாத பலரை இறக்க வைக்கும் கதைகளை மக்கள் நம்பினார்கள். தலைமை வடிவமைப்பாளர் கொரோலியோவின் பெயரே 1966 ஜனவரியில் அவர் இறந்த பிறகுதான் இரங்கல் செய்தியில் முதல்முறையாக வெளியாயிற்று. அதுவரை நாளேடுகளில் அவர் "தலைமை வடிவமைப்பாளர்" மட்டுமே.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அவர்களுடைய வெளிப்படைத்தன்மைக்கு நற்குணம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. 1958இல் நாசாவை உருவாக்கிய சட்டமே, அதன் பணிகளைப் பற்றிய தகவலை இயன்ற அளவு பரவலாக வெளியிட வேண்டும் என்று கட்டளையிட்டது. இடம் இன்னொரு காரணம். கேப் கனாவரல் கடற்கரையில் இருக்கிறது. பக்கத்து மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே ஏவூர்தி தெரியும். கஜகஸ்தான் புல்வெளியின் நடுவில் இருக்கும் தளத்தைப் போல அதை மறைக்க வழியில்லை. 1957 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளைச் சுமந்த வேன்கார்ட் ஏவூர்தி ஒன்றரை மீட்டர்கூட எழும்பாமல் தளத்திலேயே விழுந்து வெடித்த காட்சியை நாடே பார்த்தது. பத்திரிகைகள் சோவியத்தின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கின் பெயரைத் திரித்து அதற்குக் கேலிப் பெயர்கள் சூட்டின. அந்த அவமானத்துக்குப் பிறகும், 1961 மே 5 அன்று தங்கள் முதல் விண்வெளி வீரரான ஆலன் ஷெப்பர்டைத் தொலைக்காட்சி நேரலையில் ஏவினார்கள் என்பது பெரிய துணிச்சல்தான். சுமார் நான்கரைக் கோடிப் பேர் பார்த்ததாக மதிப்பிடுகிறார்கள். அவர் இறந்திருந்தால் அதையும் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஆனால் நேரலையில் தெரிவது கேமரா நிற்கும் பக்கம் மட்டும்தான். முதலில் பறக்கப்போவது யார் என்பதை நாசா கடைசிவரை சொல்லவில்லை. கிளென், கிரிஸம், ஷெப்பர்ட் என்று மூன்று பெயர்களைப் பிப்ரவரியில் கொடுத்துவிட்டு, மே 2 அன்று வானிலை கெட்டு ஏவுதல் தள்ளிப்போனபோதுதான் ஷெப்பர்டின் பெயர் வெளியே வந்தது. மே 5 அன்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த தாமதங்களால் அவர் நான்கு மணி நேரத்துக்கும் மேல் மல்லாந்து படுத்தபடி கலத்துக்குள் கிடந்தார். பதினைந்து நிமிடப் பயணம்தானே என்று உடையில் கழிப்பு வசதி வைக்கவில்லை. கடைசியில் உடையிலேயே சிறுநீர் கழிக்க அனுமதி கேட்டு, அப்படியே செய்தார். மார்பில் ஒட்டியிருந்த மருத்துவ உணரிகள் சில நனைந்து வேலை செய்யாமல் போயின. நாட்டின் எதிரே நேரலையில் நடந்த நாளில் இது நாட்டுக்குத் தெரியாது.

இதைவிட முக்கியமானது பணம். 1959 ஏப்ரல் 9 அன்று வாஷிங்டனில், அமெரிக்காவின் முதல் மனித விண்வெளித் திட்டமான மெர்க்குரியின் ஏழு வீரர்களையும் நீண்ட மேசையின் பின்னே உட்கார வைத்துப் பத்திரிகையாளர் முன் அறிமுகப்படுத்தினார்கள். உயிரோடு திரும்புவோம் என்று நம்புகிறவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்கப்பட்டபோது எல்லோரும் தூக்கினார்கள். கிளெனும் ஷிராவும் இரண்டு கைகளையும் தூக்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர்களும் அவர்களுடைய மனைவியரும் தங்கள் சொந்தக் கதைகளை 5 லட்சம் டாலருக்கு 'லைஃப்' வார இதழுக்கு மட்டும் விற்றார்கள். ஏவுதல் எல்லோருக்கும் பொது. வீட்டுக்குள் நடப்பது ஓர் இதழுக்கு மட்டும். அந்த இதழில் வீரர்கள் குடிப்பதில்லை, குடும்பத்தில் சண்டையில்லை, பயமும் இல்லை. பிற பத்திரிகைகள் கொதித்தன. நான் அந்தப் பிற பத்திரிகைகளில் ஒன்றில் இருந்திருந்தால் நானும் கொதித்திருப்பேன். ஆனால் மிகக் குறைந்த ராணுவச் சம்பளம், உயிர்க் காப்பீடு கிடைப்பது கடினம் என்ற அவர்களுடைய நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விபத்து வந்தபோது இரு நாடுகளுக்கும் இருந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது, நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லாவிட்டாலும். 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 கலத்தில் தரைச் சோதனையின்போது தீப்பிடித்து கிரிஸம், வைட், சாஃபீ மூவரும் இறந்தார்கள். அன்றிரவே உலகுக்குத் தெரிந்தது. ஆனால் விசாரணையை நாசா தன் சொந்தக் குழுவிடமே ஒப்படைத்தது. ஒப்பந்த நிறுவனத்தின் வேலைத் தரம் மோசம் என்று 1965இலேயே அப்பல்லோ திட்ட இயக்குநர் ஜெனரல் பிலிப்ஸ் எழுதிய அறிக்கை நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கப்படாமல் இருந்தது. செனட்டர் மாண்டேல் விசாரணையில் அதைப் பற்றிக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. மறைத்தல் அங்கேயும் இருந்தது. ஆனால் அதைத் தோண்டுவதற்கு ஒரு செனட்டரும் செய்தியாளர்களும் இருந்தார்கள், சில வாரங்களில் தோண்டினார்கள். பொந்தரென்கோவுக்காகக் கேட்க அப்படி ஒருவரும் இல்லை.

அப்பல்லோ 11 பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். நிலவில் இருந்த கேமரா நொடிக்கு 10 படங்கள்தான் அனுப்பியது. அது சாதாரணத் தொலைக்காட்சிக்குப் பொருந்தாது. அதனால் தரை நிலையத்தில் ஒரு திரையில் அதை ஓடவிட்டு, அந்தத் திரையை இன்னொரு கேமராவால் படம்பிடித்து அனுப்பினார்கள். உலகம் பார்த்த மங்கலான ஆவி உருவங்களுக்குக் காரணம் இதுதான்; போலி என்று சொல்பவர்கள் முதலில் சுட்டிக்காட்டுவதும் இந்த மங்கலைத்தான். 60 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது மதிப்பீடே தவிர யாரும் தலை எண்ணிப் பார்த்ததல்ல. சோவியத் தொலைக்காட்சி அதை நேரலையில் காட்டவில்லை. நம் ஊரிலும் அன்று எவரும் பார்க்கவில்லை: 1969இல் இந்தியாவில் தொலைக்காட்சி டெல்லியில் மட்டுமே இருந்தது, சென்னைக்கு 1975இல்தான் வந்தது. "நிலவில் கால் வைத்ததை அன்றே டிவியில் பார்த்தேன்" என்று உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம். வானொலியில் கேட்டதும் பிற்பாடு படச்சுருளில் பார்த்ததும் நினைவில் ஒன்றாகக் கலந்திருக்கும்.

காட்டுவதற்கு ஆள் இருந்தும் பார்ப்பதற்கு ஆள் இல்லாத நிலை அதற்கு ஒன்பதே மாதத்தில் வந்தது. 1970 ஏப்ரல் 13 அன்று இரவு அப்பல்லோ 13 வீரர்கள் கலத்துக்குள்ளிருந்து ஒளிபரப்பு நடத்தினார்கள். மூன்று பெரிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களில் ஒன்றுகூட அதை நேரலையில் எடுக்கவில்லை. ஒளிபரப்பு முடிந்து பத்து நிமிடம் ஆவதற்குள் ஆக்சிஜன் கலன் வெடித்தது. அதன்பின் நான்கு நாள் உலகமே கண் கொட்டாமல் பார்த்தது.

சோவியத் தரப்பும் அப்படியே உறைந்து நின்றுவிடவில்லை. 1975 ஜூலை 15 அன்று அமெரிக்கர்களோடு சேர்ந்து நடத்திய அப்பல்லோ-சோயுஸ் பயணத்தில், தங்கள் ஏவுதலை முதல்முறையாக நேரலையில் காட்டினார்கள். கூட்டாளி அதை எதிர்பார்த்ததும் அதற்கு ஒரு காரணம். 1984 ஏப்ரலில் சோவியத் கலத்தில் பறந்த ராகேஷ் சர்மாவோடு இந்திரா காந்தி பேசியதை இந்தியா தொலைக்காட்சியில் பார்க்க முடிந்தது அந்த மாற்றத்துக்குப் பின்னர்தான்.

ஆகவே பட்டிமன்றத்தில் "அமெரிக்கா காட்டியது" என்று பேசுவதாக இருந்தால், "ஏவுதலைக் காட்டியது" என்று எல்லை கட்டிப் பேசுங்கள். "சோவியத் மறைத்தது" என்று பேசினால், தரையிறங்கிய விதம், கொரோலியோவின் பெயர், பொந்தரென்கோவின் மரணம் ஆகிய மூன்றும் போதும், இத்தாலியக் குரல்கள் வேண்டாம். நடுவர் கறாரானவராக இருந்தால் ஷெப்பர்டின் பயணத்துக்கான வானொலி உரையாடல் பதிவை முழுமையாகப் படித்துவிட்டுப் போங்கள், சில பக்கங்கள்தான். அந்தப் பயணத்தால் உலகம் முழுக்கப் பரவிய "ஏ-ஓகே" என்ற சொல்லை அதில் ஷெப்பர்டின் வாயில் தேடினால் கிடைக்காது. தரையிலிருந்து செய்தியாளர்களுக்கு நிலவரம் சொல்லிக்கொண்டிருந்த நாசாவின் செய்தித் தொடர்பு அதிகாரி ஜான் பவர்ஸ் சொன்னது அது. மறுநாள் நாளேடுகள் அதை ஷெப்பர்ட் சொன்னதாகவே அச்சிட்டன.